நெறியாளர் உண்டு, வகுப்பு இல்லை: பிரிட்டன் முதுநிலைப் படிப்பைத் தொலைநிலையில் படிக்கும் நர்ஸ்களும் கேர் பணியாளர்களும் கேட்பவை

பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் நலவாழ்வு, சமூகப் பராமரிப்பு முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் 'சூப்பர்வைஸ்டு இண்டிபெண்டன்ட் ஸ்டடி' என்று ஒரு மாட்யூல் (பாடப்பகுதி) இருக்கும். நெறியாளர் மேற்பார்வையில் நாமே படிக்கும் தனியாய்வு. பெயரைப் பார்த்ததும் சிலருக்கு 'சூப்பர்வைஸ்டு' மட்டும் கண்ணில் படும். யாராவது சொல்லித்தருவார்கள் என்று காத்திருப்பார்கள். சிலருக்கு 'இண்டிபெண்டன்ட்' மட்டும் படும். யாரிடமும் எதையும் கேட்காமல் இரண்டு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். நான் இரண்டாவது ரகம். இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் (பராமரிப்பு இல்லத்தில்) இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே இதை முடித்தேன். அதன்பிறகு தெரிந்த நர்ஸ்கள், கேர் பணியாளர்கள், ஊரில் இருந்தபடியே படிக்கும் சிலர் போனில் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நான் சொல்வதும் உங்கள் மாட்யூல் கையேடு சொல்வதும் மோதினால் கையேட்டையே நம்புங்கள்.

இது டிசர்டேஷன்தானே? பெயர் மட்டும்தான் வேறா?

வேறு. டிசர்டேஷன் என்ற ஆய்வேடு பெரும்பாலும் 60 கிரெடிட், பட்டத்தின் கடைசிக் கட்டம். இது 15, 20 அல்லது 30 கிரெடிட் அளவில் அதற்கு முன்னால் வரும். மற்ற மாட்யூல்களில் தலைப்பு, வாசிப்புப் பட்டியல், கேள்வி எல்லாம் அவர்களே தருவார்கள், நாம் பதில் எழுதுவோம். இங்கே கேள்வியே நம்முடையது. எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம், கற்றுக்கொண்டோம் என்பதற்கு எதைக் காட்டப் போகிறோம் என்று நாமே எழுதி, நெறியாளரிடம் ஒப்புதல் வாங்கி, அப்புறம் செய்ய வேண்டும்.

உங்கள் வேலைக்குத் தேவைப்படும் ஒன்று எந்த மாட்யூலிலும் இல்லையென்றால் அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த ஏற்பாடு. சிறைக்குள் வேலை பார்க்கும் நர்ஸுக்கு வயதான கைதிகளின் பராமரிப்பு பற்றித் தெரிய வேண்டியிருக்கும். அவர் ஒருவருக்காக ஒரு மாட்யூல் நடத்த முடியாது, ஒரு நெறியாளரைத் தர முடியும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பிரிட்டனில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 20 கிரெடிட் மாட்யூல் என்றால் 200 மணி நேரம். முழு முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட், டிப்ளமோ 120, சர்டிபிகேட் 60. இந்தப் படிப்பின் தரநிலையை இங்கிலாந்தில் 'லெவல் 7' என்பார்கள், ஸ்காட்லாந்தில் 'லெவல் 11'. எண்ணைப் பார்த்து ஸ்காட்லாந்துப் படிப்பு நாலு படி மேலே என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே உயரம்தான்.

200 மணி நேரத்தை 20 வாரத்தில் பிரித்தால் வாரம் 10 மணி நேரம். வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு அது காகிதத்தில் முடியும். இரவு ஷிப்ட் முடிந்த மறுநாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று வாசித்த கட்டுரையை அடுத்த வாரம் திறந்தால், மஞ்சள் கோடு போட்டது நான்தானா என்று சந்தேகம் வரும். எனக்கு வந்தது. ஷிப்ட் இல்லாத இரண்டு நாள் காலையில், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றபடி பேருந்தில் வாசிப்பு என்று வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட ஆரம்பித்தது. நேரத்தில் பாதிக்கு மேல் தேடுவதற்கும் வாசிப்பதற்கும் போகும். எழுதுவது அதைவிடக் குறைவுதான்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? டிமென்ஷியா பற்றி எழுதலாமா?

டிமென்ஷியா (மறதிநோய்) பற்றி எழுத முடியாது. அது தலைப்பு அல்ல, ஒரு நூலகம். போனில் வரும் கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் என் கதையையே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் டிமென்ஷியா உள்ள ஒரு தமிழம்மா இருந்தார். பல வருஷம் ஆங்கிலம் பேசியவர்தான், ஆனால் நோய் முற்றியபோது பின்னால் கற்ற மொழி முதலில் போய்விட்டது. டிமென்ஷியாவில் இப்படி நடப்பதுண்டு. இரவில் அவர் "அம்மா, அம்மா" என்று முனகுவார். சக பணியாளர்கள் குறிப்பேட்டில் 'தாயைத் தேடுகிறார், ஆறுதல் சொன்னோம்' என்று எழுதிவைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை; டிமென்ஷியா உள்ளவர்கள் பலர் இறந்துபோன தாயைத் தேடுவது உண்டு, அதற்குத்தான் அவர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஆனால் கால் இடித்துக்கொண்டால் நாம் யாரைக் கூப்பிடுவோம்? அந்த அம்மாவுக்கு இடுப்பில் வலி. அது தெரியவரக் கொஞ்ச நாளாயிற்று.

இதை வைத்துக்கொண்டு நான் நெறியாளருக்கு அனுப்பிய முதல் தலைப்பு 'பண்பாட்டுக்கு ஏற்ற டிமென்ஷியா பராமரிப்பு'. அவர் மூன்று கேள்வி கேட்டார். யாருக்கு? எங்கே? இதற்குப் பதில் தெரிந்தால் திங்கட்கிழமை காலை நீ எதை வேறு மாதிரிச் செய்வாய்? மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் இழுத்து, கடைசியில் தலைப்பு இப்படி வந்து நின்றது: 'பராமரிப்பு இல்லங்களில் வாழும், இரண்டாம் மொழியை இழந்துவிட்ட டிமென்ஷியா நோயாளிகளின் வலியை, அவர்கள் மொழி தெரியாத பணியாளர்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பது பற்றி வெளிவந்த ஆய்வுகள் சொல்வதென்ன?' வாய்க்குள் நுழையாத வாக்கியம்தான். ஆனால் எந்தக் கட்டுரையை எடுப்பது, எதை விடுவது என்று இந்த ஒரு வரியே எனக்குச் சொல்லிவிட்டது. அடக்கமான கேள்வி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரிய கேள்வியோடு போனவர்கள் யாரும் நன்றாக முடித்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்குத் தலைப்பே தோன்றவில்லையா? கடந்த ஆறு மாதத்தில் ஷிப்ட் கைமாறும் ஹேண்டோவரின்போது "இது ஏன் இப்படியே நடக்கிறது?" என்று உங்களுக்கு எரிச்சல் வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

'லேர்னிங் காண்ட்ராக்ட்' எழுதச் சொல்கிறார்கள். அதில் என்ன போடுவது?

கற்றல் ஒப்பந்தம். பெரியவர்களுக்குக் கற்பிப்பது பற்றி எழுதிய அமெரிக்கர் மால்கம் நோல்ஸ் 1970-களில் பரப்பிய யோசனை இது. பெரியவர்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே தீர்மானித்தால்தான் ஊன்றிக் கற்பார்கள் என்பது அவர் வாதம். ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: கேள்வி, கற்று முடிக்கும்போது செய்ய முடிந்திருக்க வேண்டியவை, எப்படிப் படிக்கப் போகிறீர்கள், எதைச் சமர்ப்பிப்பீர்கள், எந்தத் தேதிக்குள்.

இரண்டாவதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 'வலி பற்றிப் புரிந்துகொள்வேன்' என்று எழுதினால் நெறியாளர் திருப்பி அனுப்புவார், ஏனென்றால் புரிந்துகொண்டீர்களா என்று யாராலும் பார்க்க முடியாது. 'வலியைக் கணிக்கும் இரண்டு அளவுகோல்களை ஒப்பிட்டு, எங்கள் இல்லத்துக்கு எது பொருந்தும் என்று காரணத்தோடு சொல்வேன்' என்றால் பார்க்க முடியும். வினைச்சொல்லைப் பாருங்கள். ஒப்பிடு, மதிப்பிடு, பரிந்துரை செய் என்பவை செல்லும். தெரிந்துகொள், அறி என்பவை செல்லாது.

நடுவில் கேள்வி மாறினால் ஒப்பந்தத்தையும் மாற்றி எழுதி மறுபடி ஒப்புதல் வாங்குங்கள். திருத்துகிறவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுவார்.

நெறியாளரை எத்தனை முறை பார்க்கலாம்? எப்படிப் பேசுவது?

எத்தனை மணி நேரம் என்பது கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் அவர் உங்கள் வரைவை வாசிக்கும் நேரமும் சேருமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வரைவையும் பல இடங்களில் ஒரு முறைதான், அதுவும் ஒரு பகுதியைத்தான் வாசித்துத் தருவார்கள். எனவே எந்தப் பகுதியைக் கொடுப்பது என்பது முக்கியம். நன்றாக வந்த முன்னுரையைக் கொடுத்துப் பாராட்டு வாங்குவதில் லாபமில்லை. திணறும் பகுதியைக் கொடுங்கள்.

அப்புறம் நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு பேச்சு. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் நாக்கு கூசும். சார், மேடம் என்று எழுதினால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஆனால் அந்த மரியாதையோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்: புரியாததற்கும் தலையாட்டுவது. அவர் "நீ இதையும் பார்க்கலாம்" என்றால் நாம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறோம். அது யோசனைதான். "பார்த்தேன், என் கேள்விக்கு உதவவில்லை, இந்தக் காரணத்தால் விட்டுவிட்டேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன அன்றுதான் என் நெறியாளர் முதல் தடவையாகச் சிரித்தார்.

சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பக்கம் அனுப்புங்கள்: என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், என் மூன்று கேள்விகள். முடிந்த அன்றே, பேசி முடிவு செய்ததை நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னால் நெறியாளர் மாறினாலும், நினைவு மாறினாலும், அந்த நாலு வரி காப்பாற்றும்.

நான் சென்னையில் இருந்து படிக்கிறேன். சந்திப்பு நேரம் எப்போதும் குழம்புகிறது.

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அதனால் இந்தியாவும் இலங்கையும் கோடையில் நாலரை மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் ஐந்தரை. பிரிட்டனில் மாலை 4 மணி என்றால் உங்களுக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. சமர்ப்பிக்கும் நேரமும் பிரிட்டன் கடிகாரப்படிதான். நண்பகல் 12 என்றால் உங்களுக்கு மாலை. மின்சாரம் போகும் நேரத்தையும் இணையம் தத்தளிக்கும் நேரத்தையும் கழித்துக்கொண்டு முதல் நாளே ஏற்றிவிடுங்கள்.

நோயாளிகளையோ இல்லத்தில் வாழும் ரெசிடென்ட்களையோ பேட்டி எடுக்கலாமா?

ஆசை புரிகிறது. கண்ணெதிரே ஆள் இருக்கும்போது காகிதத்தை ஏன் வாசிக்க வேண்டும் என்று தோன்றும். என் பதில்: இந்த மாட்யூலில் வேண்டாம்.

காரணம் அனுமதி. பிரிட்டனில் ஒரு வேலையை மூன்று வகைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். புதிய அறிவைத் தேடினால் ஆய்வு. நம் சேவை எப்படி நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் சேவை மதிப்பீடு. வகுத்த தரத்தின்படி நடக்கிறதா என்று சரிபார்த்தால் ஆடிட். ஆய்வு என்றால், என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவை) நோயாளிகள் சம்பந்தப்பட்டிருந்தால், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவோடு முடியாது. என்.எச்.எஸ். ஆய்வு நெறிமுறைக் குழு, ஹெல்த் ரிசர்ச் அதாரிட்டி என்று போக வேண்டும். உங்கள் வேலை எந்த வகை என்று கண்டுபிடிக்க அந்த அமைப்பே இணையத்தில் ஒரு கேள்விக் கருவி வைத்திருக்கிறது. சில கேள்விகளுக்கு ஆம், இல்லை சொன்னால் போதும். விடைப் பக்கத்தைச் சேமித்து நெறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். மாணவர்கள் செய்யும் ஆய்வுக்கு அவர்கள் 2021 முதல் தனி நிபந்தனைகளும் வைத்திருக்கிறார்கள்.

முடிவெடுக்கும் திறன் இழந்தவர்கள் என்றால் இன்னும் கடினம். இங்கிலாந்து, வேல்ஸில் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் 30 முதல் 34 வரையான பிரிவுகளில் இதற்கென்றே விதி வகுத்திருக்கிறது. மகள் சரி என்று தலையசைத்தால் அது சம்மதம் ஆகிவிடாது. அவரிடம் கலந்து கேட்க வேண்டும், ஆனால் அவர் அந்த நபருக்காகச் சம்மதம் தருவதில்லை, அந்த நபர் விரும்பியிருப்பாரா என்றுதான் சொல்கிறார். இந்த வேறுபாடு நம் வீடுகளில் புரியவைக்கக் கடினமானது. ஸ்காட்லாந்தில் இதற்கு 2000-ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.

சரி, பணியாளர்களிடமாவது பேசலாமா? பேசலாம், ஆனால் அதற்கும் பல்கலைக்கழக அனுமதி வேண்டும், என்.எச்.எஸ். பணியாளர்கள் என்றால் அதற்கு மேலும் வேண்டும். தவிர, நீங்கள் சீனியர் என்றால் உங்களுக்குக் கீழே ரோட்டாவில் (பணி அட்டவணையில்) இருப்பவர் "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? 200 மணி நேரத்தில் 80 மணி நேரம் படிவத்தில் போய்விடும். வெளிவந்த ஆய்வுகளைத் தேடி, அலசி, உங்கள் இடத்துக்குப் பொருத்திப் பார்ப்பதே இந்த அளவுக்குச் சரியான வேலை. பேட்டி ஆசையை டிசர்டேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் நடந்ததையாவது எழுதலாமா? பெயரை மாற்றிவிட்டால் போதும்தானே?

போதாது. 'பன்னிரண்டு அறை உள்ள ஒரு கடற்கரை ஊர் இல்லத்தில் 94 வயதுத் தமிழ்ப் பெண்' என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்த ஊர்த் தமிழர்கள் நாலு பேரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வயது, ஊர், மொழி, நோய் இவற்றில் வாதத்துக்குத் தேவையானது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே நான் சொன்ன அம்மாவின் கதையிலும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேர் பிளானை (ஒருவரின் பராமரிப்புத் திட்டத்தை) மொபைலில் படம் பிடிப்பது, குறிப்பை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது இரண்டும் வேலைக்கே உலை வைக்கும். உடல்நலத் தகவல்களைப் பிரிட்டன் தரவுச் சட்டம் தனிக் காவல் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. நர்ஸ் என்றால், நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் நடத்தை விதிகளும் உண்டு. நினைவில் இருந்து எழுதுங்கள், அதையும் மேலாளரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

கட்டுரைகளை எங்கே தேடுவது? கூகுள் ஸ்காலர் போதாதா?

முதல் நாள் மேயப் போதும். ஆனால் நீங்கள் தேடிய விதத்தை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும். ஸ்காலரில் அது சரிவராது. அதற்கென்று தரவுத்தளங்கள் உண்டு: நர்சிங்குக்கு சினால், மருத்துவத்துக்கு பப்மெட், தொகுப்பாய்வுகளுக்குக் காக்ரன் நூலகம். பல்கலைக்கழக நூலகரோடு அரை மணி நேரம் இணையச் சந்திப்பு கேளுங்கள், தொலைநிலை மாணவர்களுக்கும் அது உண்டு. எனக்கு அந்த அரை மணி நேரம் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியது. அதை முதல் வாரத்தில் செய்யாமல் ஏழாவது வாரத்தில் செய்தேன் என்பதுதான் வருத்தம்.

தேடலில் மாட்டிக்கொள்வது சொற்களில்தான். ஊரில் படுக்கைப்புண் என்று ஒரே சொல். ஆங்கிலத்தில் பழைய கட்டுரைகளில் 'பெட்சோர்', 'டெகுபிட்டஸ்', பிரிட்டனில் 'பிரஷர் அல்சர்', அமெரிக்க வல்லுநர் குழு 2016-ல் மாற்றிய பிறகு அங்கே 'பிரஷர் இஞ்சரி'. ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் ஒரு நாட்டையோ ஒரு காலத்தையோ தொலைத்துவிடுவீர்கள். என் தலைப்பில் இன்னும் வேடிக்கை. ஆங்கிலம் பேசாத முதியவரை ஆஸ்திரேலியக் கட்டுரைகள் 'பண்பாட்டாலும் மொழியாலும் பன்முகப்பட்டவர்' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறிக்கும், அமெரிக்கக் கட்டுரைகள் 'ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தவர்' என்பார்கள், பிரிட்டனில் 'எத்னிக் மைனாரிட்டி'. அந்த அம்மா ஒருவர்தான். மூன்று நாட்டில் மூன்று அலமாரி.

எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எத்தனை வந்தது, எத்தனை எடுத்தேன், ஏன் விட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசியில் உட்கார்ந்து நினைவுபடுத்த முடியாது.

புள்ளியியல் வந்தாலே கை நடுங்குகிறது. அந்தக் கட்டுரைகளை எப்படி அலசுவது?

காஸ்ப் என்ற அமைப்பு ஒவ்வொரு வகை ஆய்வுக்கும் தனித்தனிக் கேள்விப் பட்டியல் இலவசமாகத் தருகிறது. அதை எடுத்துக்கொண்டு கட்டுரையிடம் கேள்வி கேளுங்கள். கணக்கு விளங்காவிட்டாலும், யாரைச் சேர்த்தார்கள், யாரை வெளியே வைத்தார்கள் என்பது விளங்கும். ஆங்கிலம் பேசாதவர்களை முதலிலேயே விலக்கிவிட்டு நடத்திய ஆய்வுகள் என் கையில் வந்துகொண்டே இருந்தன. என் கட்டுரையின் முக்கியமான பத்தி அங்கிருந்துதான் பிறந்தது, எந்தக் கணக்கிலிருந்தும் அல்ல.

தமிழ்க் குடும்பங்கள் பற்றி எழுதுகிறேன். தமிழ் மூலங்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், உங்களுக்கு மட்டும் திறக்கும் கதவு அது. ஆனால் மொழிபெயர்ப்பு உங்கள் ஆய்வு முறையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்: யார் பெயர்த்தார், எந்தச் சொல்லில் தயங்கினார், என்ன முடிவெடுத்தார்.

ஒரு எடுத்துக்காட்டு. 2014-ஆம் ஆண்டின் கேர் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் 'கேரர்', தனக்கு என்ன உதவி தேவை என்பதைத் தனியாக மதிப்பிடச் செய்யும் உரிமை உள்ளவர். அகராதியில் பராமரிப்பாளர் என்று போட்டிருக்கும். மாமியாரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் ஒரு பெண்ணிடம் "நீங்கள் பராமரிப்பாளரா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லைங்க, நான் மருமகள்" என்பார். உள்ளாட்சிக் கவுன்சில் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே போகும். டிமென்ஷியாவும் அப்படித்தான். 'வயசாயிட்டா மறதி வரத்தானே செய்யும்' என்ற வாக்கியத்தை எப்படி மொழிபெயர்த்தாலும், அதில் இருக்கும் சமாதானமும் சலிப்பும் ஆங்கிலத்தில் பாதிதான் வரும். மீதிப் பாதியை விளக்கி எழுதினால் அதுவே உங்கள் அலசல்.

ஒரு எச்சரிக்கை: 'தமிழர்கள் பெரியவர்களைக் கைவிட மாட்டார்கள்' என்று தொடங்காதீர்கள். நம்மைப் பற்றி நாமே நம்பும் நல்ல வார்த்தைக்கும் சான்று வேண்டும்.

'கிரிட்டிக்கலா எழுதவில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். குறை சொல்ல வேண்டுமா?

குறை சொல்வதல்ல. எடை போடுவது. அபே என்ற வலி அளவுகோலை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் உருவாகி 2004-ல் வெளியானது, பேச்சால் சொல்ல முடியாதவர்களுக்கானது. குரல், முகபாவம், உடல்மொழி, நடத்தை, உடலியங்கு மாற்றம், உடலில் தெரியும் மாற்றம் என ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. இதுவரை நான் எழுதியது விவரிப்பு. பாஸ் ஆகும் அளவுக்குக்கூடப் போதாது.

'குரல் என்ற வரியில் முனகல், விசும்பல், அழுகை ஆகியவற்றைத் தேடச் சொல்கிறது. சொல்லாக வரும் வலியை, அந்தச் சொல் கேட்பவருக்குத் தெரியாத மொழியில் இருந்தால் எங்கே பதிவது என்பதற்கு இடமில்லை. ஆனால் மற்ற ஐந்து வரிக்கும் மொழி தேவையில்லை என்பதால், மொழி தெரியாத பணியாளருக்கு இது எதுவுமே இல்லாததைவிட மேல்' என்று எழுதினால் அது எடை போடுதல். பலமும் பலவீனமும் ஒரே மூச்சில், உங்கள் இடத்தோடு பொருத்தி.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதுநிலையில் பொதுவாக 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 62 வாங்கிவிட்டு அழுத ஒருவரை எனக்குத் தெரியும். ஊரில் 95 வாங்கிப் பழகிய கை. 62 இங்கே நல்ல மதிப்பெண்.

ஏஐ உதவியோடு எழுதலாமா?

உங்கள் பல்கலைக்கழக விதி என்னவோ அதுதான் பதில். பலவற்றில் எங்கே பயன்படுத்தினோம் என்று அறிவிக்கச் சொல்கிறார்கள். விதி எப்படியிருந்தாலும், அது தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுக்கும். நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான டர்னிட்டின் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்துக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம், மேற்கோளும் துணைநூல் பட்டியலும்கூட அதில் ஏறும்.

பாதியில் நின்றுவிட்டேன். நெறியாளருக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கே எழுதுங்கள். மூன்று வரி போதும். நோய், வீட்டில் துக்கம், ரோட்டா திடீரென்று மாறியது போன்ற காரணங்களுக்குக் கால நீட்டிப்பு கேட்கும் வழி எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் கெடுவுக்கு முன்பே கேட்டால் எளிது, பின்பு கேட்டால் சான்று மேல் சான்று கேட்பார்கள். ஊரில் பாட்டி இறந்தபோது நான் கேட்கவில்லை. 'பாட்டிதானே, இதற்கெல்லாம் தருவார்களா' என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தந்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

இதை நர்ஸ் மறுபதிவுக்குக் காட்டலாமா?

காட்டலாம். பிரிட்டன் நர்ஸ்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் மறுபதிவுக்கு 35 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தனியாக வாசித்தது அந்த 20-ல் சேராது, நெறியாளர் சந்திப்பும் இணையக் கருத்தரங்கும் சேரும். தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். எழுத வேண்டிய ஐந்து சிந்தனைக் குறிப்புகளில் ஒன்றும் இதிலிருந்தே கிடைத்துவிடும்.

இந்தப் பட்டத்தால் பிரிட்டனில் நர்ஸாகப் பதியலாமா? விசா கிடைக்குமா?

இரண்டும் இல்லை. பதிவுக்குத் தனித் தேர்வு, தனி வழி. ஊரில் இருந்தபடி படிப்பதற்கு மாணவர் விசாவும் கிடையாது. இந்தியாவில் அரசு வேலைக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ இதைக் காட்ட நினைத்தால், தொலைநிலையில் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்தை அவர்கள் ஏற்பார்களா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் உளவியல், ஊட்டச்சத்தியல் போன்ற நலவாழ்வுப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதென்று இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கே சொல்லிவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அதிலேயே தெரியும்.

முடித்த பிறகு வேலையிடத்தில் யாராவது இதை வாசிப்பார்களா?

4,000 சொல் கட்டுரையை யாரும் வாசிக்க மாட்டார்கள். நான் மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதையும் அவர் முழுதாக வாசித்தாரா தெரியாது. ஆனால் குடும்பத்தினரிடம் கேட்டு ஒவ்வொரு ரெசிடென்ட்டும் தன் மொழியில் வலிக்கும்போது என்ன சொல்வார் என்று எழுதிவைக்க, கேர் பிளானில் ஒரு கட்டம் சேர்த்தார்கள். போலந்துக்காரர் ஒருவருக்கு ஒரு சொல், குஜராத்தி தாத்தாவுக்கு ஒரு சொல். அந்த அம்மாவின் தாளில், 'அம்மா' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில்: 'இடுப்பைப் பார்க்கவும்.'